மலைநாட்டுக் கிரிக்கெட் – 7: துரைமார் அணியும் பிஸ்கட் முதலாளி மகனும்

1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்ததையும் அடுத்த ஆண்டே நானுஓயாவைத் தொட்டதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்க, அரிசி மூட்டைகள் மேலே ஏறின. தோட்டங்களை நடத்திய வெள்ளைத்துரைமாருக்கான சரக்கும் அதே ரயிலில்தான் வந்தது. கிரிக்கெட் மட்டை, தோல் பந்து, அவற்றோடு ஆளுயரத்துக்கு உருட்டிக் கட்டிய தென்னந்தும்புப் பாய்.

பாய் எதற்கு என்று கேட்கலாம். மலைச்சரிவில் மைதானம் போடுவது எப்படி என்று பார்த்தால் புரியும். மேல் பக்கத்து மண்ணை வெட்டி இறக்கி, கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். வெட்டிய பக்கம் கல் மாதிரி இருக்கும். நிரப்பிய பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். தென்மேற்குப் பருவமழை டிக்கோயா, மஸ்கெலியா, திம்புள்ள சரிவுகளில் இறங்கினால் மாதக்கணக்கில் விடாது. அந்த ஈரத்தில் புல் ஆடுகளத்தைப் பேணுவது பெரும்பாடு. மண்ணை இறுக்கி, அதன்மேல் தும்புப் பாயை விரித்து, நான்கு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டிவிட்டால் ஆட்டம் நடக்கும். இலங்கையில் வெகுகாலம் கிரிக்கெட் இப்படிப் பாய்மேல்தான் நடந்தது. பாயில் பந்து நன்றாக எகிறும். சுழற்றத் தெரிந்தவன் கையில் அபாரமாகத் திரும்பும். 

ஆட்டத்துக்கு வாய்த்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழை இல்லை, காலையில் பனி, பகலில் நல்ல வெயில். திம்புள்ள தேயிலைக்கு ஆண்டிலேயே உயர்ந்த மணமும் விலையும் கிடைக்கும் மாதங்களும் அவையே. துரை பாட் கட்டிக்கொண்டு நிற்கலாம், கொழுந்து நிற்காது. ஆகவே ஆட்டம் பார்க்க வேலைநாளில் யாரும் சும்மா வந்து உட்கார முடியாது. மைதானத்தைச் சமப்படுத்தியதும் உருளை இழுத்ததும் புல் வெட்டியதும் தோட்டத்து ஆட்கள். ஓட்டப் பலகையில் அவர்கள் பெயர் ஒருநாளும் ஏறியதில்லை.

மலையில் பெரிய கிளப்புகள் இரண்டு. நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ரதல்ல மைதானத்தை வைத்திருந்த திம்புள்ள அத்லெட்டிக் அண்ட் கிரிக்கெட் கிளப் ஒன்று. ஹட்டனுக்குப் பக்கத்தில் தரவளையில் இருந்த டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கிளப் மற்றொன்று. நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப் வந்தது, ஆனால் அது மீன்பிடிக்கவும் சீட்டாடவும் போகிற இடம். ரதல்லையும் தரவளையும்தான் வியர்வை சிந்தும் இடங்கள். கிரிக்கெட்டைவிட ரக்பிக்கே துரைமாரிடம் மவுசு கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனி அத்தியாயம் வரும்.

ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் நடுவே பல மைல். குதிரையில் அல்லது நடந்து. வெள்ளைக்காரன் இன்னொரு வெள்ளைக்காரனின் முகத்தைப் பார்க்காமலே வாரக்கணக்கில் இருப்பான். அவனுக்கு வாரக்கடைசி ஆட்டம்தான் ஊரும் உறவும். இங்கிலாந்தின் பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில் மட்டை பிடித்துப் பழகிய பையன்கள் ‘கிரீப்பர்’ என்ற பெயரில் தொழில் பழக வந்தார்கள். பிறகு சின்னத்துரை, அதற்கும் பிறகு பெரியதுரை. கணக்குப்பிள்ளையிடம் தமிழ் கற்றார்கள், கங்காணியிடம் மிரட்டக் கற்றார்கள். கிரிக்கெட் மட்டும் அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிராத ஒன்று.

இவர்களிலிருந்து தேர்ந்தெடுத்த பதினொரு பேர்தான் ‘அப்கண்ட்ரி’ அணி. மலைநாட்டுக்கென்று ஒரு மாகாண அணி முதலில் இருந்தது என்றால் அது இதுதான். எதிராளி கொழும்பு, அதாவது கொழும்பு வெள்ளைக்காரர். கொழும்பு கிரிக்கெட் கிளப் 1832இல் தொடங்கியது. இந்தத் தீவின் கிரிக்கெட் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆக, தேயிலையை வளர்க்கும் வெள்ளைக்காரனும் தேயிலையைக் கப்பலேற்றும் வெள்ளைக்காரனும் மோதிக்கொண்டார்கள். கொழும்புப் பக்கத்தில் பில் கிரெஸ்வெல் போன்ற நிஜமான திறமைசாலிகளும் இருந்தார்கள். சமர்செட் மாகாணத்துக்கு ஆடிய இவர் குடும்ப வியாபாரத்துக்காக வந்து, இலங்கை மைதானங்களில் ஆயிரம் விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தினார். உள்ளே வளையும் பந்தை உலகுக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர். மலையணியில் இந்தத் தரத்தில் ஒருவர் இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. நல்ல பள்ளிக்கூட ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான்.

கொழும்பில் இதற்கிடையே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1887இலிருந்து ஐரோப்பியருக்கும் இலங்கையருக்கும் ஆண்டுதோறும் போட்டி. 1933 வரை அது நீடித்தது. சென்னையிலும் அப்படியே. 1908 முதல் 1952 வரை பொங்கலை ஒட்டி ஐரோப்பியர், இந்தியர் மோதிய பிரசிடென்சி ஆட்டம் சேப்பாக்கத்தின் திருவிழா. வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே அடிக்கலாம் என்பதைக் கொழும்புக்காரனும் சென்னைக்காரனும் அந்த மைதானங்களில்தான் அறிந்தார்கள். டாக்டர் சி.எச். குணசேகரவும் டாக்டர் ஜோன் ரொக்வுட்டும் அந்தப் பாசறையில் வந்தவர்கள். 1932–33இல் இலங்கை அணியை இந்தியாவுக்கு அழைத்துச் சென்ற தலைவர் குணசேகர.

மலையில் அப்படி ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை. துரைமாரும் தொழிலாளரும் என்று ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கற்பனைக்கே வராது. நிறவெறி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் கொழும்பிலும் நிறவெறி இருந்தது, ஆட்டமும் இருந்தது. அங்கே ரோயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் 1880 வாக்கிலேயே ஆண்டுப் போட்டி தொடங்கிவிட்டது. எதிரணியை உருவாக்கிக் கொடுத்தவை பள்ளிக்கூடங்கள். தோட்டத்தில் இருந்ததோ ஓர் ஆசிரியர், ஒரே கொட்டகை. ஐந்தாம் வகுப்போடு கதை முடிந்துவிடும். 1927இன் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானபோது மலைநாட்டு ஆணுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43. தோல் பந்து யார் வாங்குவது?

கொழும்புத் தமிழருக்கு இந்தத் தடை இல்லை. 1899இலேயே தமிழ் யூனியன் கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். வழக்கறிஞர்கள், டாக்டர்கள், சிவில் சேவையாளர்கள். அதன் பெருந்தலை பாக்கியசோதி சரவணமுத்து. கொழும்பு ஓவல் எழுந்ததில் அவர் பங்கு பெரிது. இன்றைக்கும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் அரசாங்கத்தில் வகித்த பதவிகளில் ஒன்று தேயிலை, இறப்பர் கட்டுப்பாட்டாளர். தேயிலையைக் கட்டுப்படுத்திய தமிழர் கட்டிய மைதானத்தில் தேயிலை பறித்த தமிழருக்கு இடமிருந்ததா? ‘தமிழ்’ என்று பெயர் வைத்த கிளப்புக்கும் ஹட்டன் லயத்துக்கும் இடையிலிருந்த தூரம் ரயில் தூரம் மட்டுமில்லை. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

1948ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஓவலில் ஆடியது. 22 கெஜம் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 கெஜம்தான் இருந்தது என்பது அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. இலங்கை அணித் தலைவர் மகாதேவன் சதாசிவம். முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்த மனிதர். தமிழர் ஒருவர் இலங்கையின் தலைவராக பிரட்மனோடு நாணயம் சுண்டிய அதே ஆண்டில், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சென்னையும் இலங்கையும் ஆண்டுதோறும் கோபாலன் கிண்ணத்துக்காக மோதிக்கொண்டிருந்த காலமும் இதுதான். 1953இல் தொடங்கிய அந்தத் தொடரில் சென்னை ஆட்டக்காரர்கள் கொழும்புக்கு வந்தார்கள், கொழும்பு ஆட்டக்காரர்கள் சென்னைக்குப் போனார்கள், ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களுக்குத் திரும்பும் சீட்டு இல்லை.

இத்தனைக்கும் நடுவில் தோட்டத்துப் பையன்கள் ஆடாமல் இருக்கவில்லை. பலகையைச் செதுக்கிய மட்டை, தகர டின் விக்கெட், டென்னிஸ் பந்து. களம் என்றால் பெரட்டுக்களம், கோயில் முற்றம், இல்லாவிட்டால் ஸ்டோருக்குப் போகும் ரோட்டின் வளைவு. ஒரு பக்கம் மேட்டு மலை, மறுபக்கம் பள்ளம். மேட்டுப் பக்கம் தூக்கி அடித்தால் பந்து தானாக உருண்டு வந்துவிடும். பள்ளத்துப் பக்கம் அடித்தவன் ஆட்டமிழந்தான், பந்தைத் தேடிக்கொண்டு வரவேண்டியதும் அவனே. தேயிலைச் செடிக்குள் புகுந்துவிட்டால் இத்தனை ஓட்டம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். இந்தச் சட்டங்களில் வளர்ந்தவன் பந்தை நேராக, தரையோடு அடிக்கப் பழகுவான். பந்துவீச்சாளனோ வேகத்தை நம்பாமல் இடத்தைக் குறிவைத்துப் போடப் பழகுவான். பெரிய பயிற்சியாளர்கள் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பதைப் பள்ளம் சொல்லிக்கொடுத்தது.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி வெள்ளைத்துரைமார் போனபிறகு, தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் பெருகின. கேடயம் தொழிற்சங்கத்துடையது, கிண்ணம் எம்.பி.யுடையது. ஆளுக்கொரு ஜேர்சி. ஐந்து ஓவர், ஆறு ஓவர் ஆட்டம். ஒலிபெருக்கியில் வர்ணனை காது கிழியும். கூட்டத்துக்கும் உற்சாகத்துக்கும் குறைவில்லை. ஆனால் இலங்கை அணிக்குப் போகிற பாதை மென்பந்து வழியாகப் போவதில்லை. கடினப்பந்து, பாட், ஹெல்மெட், வலை, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், இவை இருக்கிற பள்ளிக்கூடம் வேண்டும். இந்த நாட்டில் கிரிக்கெட் வீரனைப் பள்ளிக்கூடம் செய்கிறது. கிளப் பிறகுதான்.

இந்த இடத்தில்தான் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் வருகிறார். அவரைத் ‘தோட்டத்துப் பிள்ளை’ என்று எழுதுகிறவர்கள் பாதிதான் சரி. பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் பெண்மக்களோடு திரும்பிப்போய்த் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். ஆண்மக்கள் இங்கே தங்கினார்கள். அவர்களில் ஒருவரான முத்தையா கண்டியில் பிஸ்கட் செய்யத் தொடங்கினார். லக்கிலேண்ட் பிஸ்கட் மலையகத்துக் கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அவருடைய நான்கு ஆண்மக்களில் மூத்தவர் 1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளி. ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய பள்ளி, மகாவலிக் கரையில் மைதானம்.

குடும்பம் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இறங்கி, வியாபாரம் பிடித்து, பிள்ளையை நல்ல பள்ளிக்கு அனுப்ப இரண்டு தலைமுறை பிடித்தது. லயத்திலேயே தங்கியிருந்தால்? மணிக்கட்டும் முழங்கையும் அதேதான் இருந்திருக்கும், ஆனால் அந்தோனியார் மைதானத்தில் சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் அதைப் பார்த்திருக்க மாட்டார். மிதவேகம் வீசிக்கொண்டிருந்த பையனைப் பதினான்கு வயதில் சுழலுக்கு மாறச் சொன்னவர் அவர்தான். கடைசி இரண்டு பள்ளிப் பருவங்களில் நூற்றுக்கு மேல் விக்கெட். 1991இல் ஆண்டின் சிறந்த பள்ளி வீரருக்கான பாட்டா விருது. உடனே இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்துப் பயணம். ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்கூட விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

கிளப்புக்கு அவர் போன இடம் கொழும்புத் தமிழ் யூனியன். 1899இல் தொடங்கிய கிளப்புக்குள் தேயிலை மலையின் பேரன் ஒருவன் நட்சத்திரமாக நுழைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. 1992 ஆகஸ்ட் 28இல் கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அரங்கேற்றம். முதல் விக்கெட் கிரேக் மெக்டெர்மட். மெல்பேர்னில் நடுவர் டாரல் ஹெயர் எழுப்பிய ‘எறிகிறார்’ குற்றச்சாட்டும் முழங்கை வளைவுக்கான 15 பாகைச் சட்டமும் வேறு அத்தியாயத்துக்கானவை. இங்கே மலைக்குச் சொந்தமான கணக்கை மட்டும் சொல்கிறேன். கண்டி அஸ்கிரிய மைதானம் ட்ரினிட்டி கல்லூரியுடையது. 1983 ஏப்ரலில் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. மூன்று மாதத்தில் தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரம். அதே அஸ்கிரியவில் முரளி எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 117. 2002இல் சிம்பாப்வேக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 9. ஷேன் வோர்னின் 708ஐக் கடந்த விக்கெட்டும் அங்கேதான், 2007 டிசம்பர் 3, போல் கொலிங்வுட் போல்ட். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சொந்த ஊரில். எண்ணூறாவது விக்கெட்டைக் காலியில் எடுத்தார், 2010 ஜூலை 22.

2020இல் அவர் வாழ்க்கையைப் படமாக்கும் பேச்சு எழுந்து தமிழ்நாடே கொந்தளித்தது. அவராக நடிக்கவிருந்த விஜய் சேதுபதி விலகினார். முரளியின் அரசியல் நிலைப்பாடுகளில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்தச் சண்டையில் அவரை வடக்குத் தமிழர் என்று நினைத்தே பெரும்பாலோர் பேசினார்கள். மலையகத் தமிழர் என்று ஒரு மக்கள் இருப்பதும், அவர்கள் 1948இலிருந்து வேறொரு வரலாற்றைச் சுமப்பதும் திருச்சியிலும் மதுரையிலும் மறந்துபோயிருந்தது. அவர்கள் பாட்டன்மார் கப்பலேறிய ஊர்களில்! சிறுவயதில் தந்தை வெட்டுப்பட்டதையும் உறவினரை இழந்ததையும் அப்போது விட்ட அறிக்கையில் முரளியே சொல்லவேண்டி வந்தது.

இனி மாகாண அணிக்கு வருவோம். துரைமாரின் அப்கண்ட்ரி மறைந்து வெகுகாலத்துக்குப் பின், 1989–90 பருவத்தில் மாகாணங்களுக்கு இடையிலான முதல்தரப் போட்டி தொடங்கியது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும் சேர்ந்த மத்திய மாகாணம் ஓர் அணியானது. பிறகு அது கந்துரட்ட ஆயிற்று. பெயர் மாறியதே தவிர வேர் பிடிக்கவில்லை, ஏனென்றால் இலங்கை கிரிக்கெட்டின் உயிர் கொழும்புக் கிளப்புகளில் இருக்கிறது. போட்டி சில ஆண்டு நடக்கும், சில ஆண்டு நிற்கும். 2013இல் கந்துரட்ட மரூன்ஸ் இந்தியாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனபோது, ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அழைப்பும் கையிலிருந்த குமார் சங்கக்கார சொந்த மண்ணின் அணியையே தேர்ந்தெடுத்தார். மாத்தளையில் பிறந்து ட்ரினிட்டியில் படித்தவருக்கு அது இயல்பு. அணியில் கூட இருந்த அஜந்த மெண்டிஸும் லஹிரு திரிமான்னவும் மொரட்டுவைக்காரர்கள், நுவன் குலசேகர நிட்டம்புவ, உபுல் தரங்க பலப்பிட்டிய. மலைநாடு ஜேர்சியில் மட்டும் இருந்தது. மொஹாலியில் தகுதிச்சுற்று ஆட்டம் மூன்றிலும் தோற்றுத் திரும்பினார்கள்.

நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். மாகாண அணி என்று ஒன்றை உண்மையில் கட்ட நினைப்பவர் கண்டியின் நான்கு பெரிய பள்ளிகளோடு நின்றுவிடக் கூடாது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பள்ளிக்கொரு கடினப்பந்து வலையும், ஊதியத்தோடு ஒரு பயிற்சியாளரும் போதும், ஆரம்பத்துக்கு. ரதல்லையும் தரவளையும் இன்னும் அங்கேயே இருக்கின்றன, மைதானம் புதிதாக வெட்டத் தேவையில்லை. இதைச் செய்யாமல் ‘இன்னொரு முரளி எப்போது வருவார்’ என்று ஆண்டுதோறும் கேட்பது வெறும் பேச்சு.

ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் பெரிய குறை, தோட்ட அணிகளின் கதை எழுத்தில் இல்லாததுதான். துரைமார் தங்கள் ஆட்டங்களைப் பதிந்து வைத்தார்கள், நம்மவர் வைக்கவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தோட்ட அணிகளில் ஆடியவர்கள் இந்தியாவுக்குப் போய் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருக்கலாம், இங்கேயே லயத்தில் ஓய்வுபெற்றும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் அணிப் படமோ, ஓட்டக் கணக்கு எழுதிய கொப்பியோ, பழைய கேடயமோ இருந்தால் படியெடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள். மையால் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும்.